அத்தை வீட்டுக் கடல்

மாசி மகம், வியாழக்கிழமை. விடியலில் கடலில் குளித்து, புதுச்சேரியில் கடைச் சரக்கு வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் பகல் ரயில் வண்டியில் விழுப்புரம் திரும்பினேன். எதிர்ப் பலகையில் கணவன், மனைவி, நான்கு வயது மகள். தீர்த்தவாரி நாளில் குழந்தைக்குக் கடல் காட்ட வந்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"கடல்ல ராட்டினம் கிறீச்சுனு கத்துச்சும்மா. அத்தைதான் தண்ணி எறைச்சு ஊத்துனாங்க," என்றது குழந்தை.

மனைவி கணவனிடம் திரும்பினாள். "நான் உங்க அக்கா வூட்டு அடுப்புல வெந்துக்கினு இருந்தேன். நீங்க புள்ளைக்குக் கெணத்தக் காட்டிக் கடலுன்னீங்களா?"

"அங்க ஒரே கூட்டம். தண்ணி எல்லாம் ஒண்ணுதான்."

"அது சாமிக்குத் தெரியல பாவம். பல்லாக்குல அவ்ளோ தூரம் போவுது. உங்க அக்கா கெணத்துக்கே வந்திருக்கும்."

பெட்டியே சிரித்தது.

கண்டமங்கலத்தில் வண்டி நின்றதும் அவள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்தாள். "எதிர் வண்டியில போயி நானே காட்டிட்டு வர்றேன். நீங்க வூட்டுக்குப் போயி ஒலை வையுங்க."

இறங்கிவிட்டாள்.

"பொம்பளைங்களுக்குக் கடலுன்னா பைத்தியம்," என்றான் அவன், பொதுவாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை முதல் வேலையாகக் கடையைத் திறந்து, தண்ணீர் எல்லாம் ஒன்றுதான் என்று கிணற்றுத் தண்ணீரைத் தெளித்து, சாம்பிராணி போட்டேன்.