செல்லையா மாமாவின் மரண அறிவித்தல்

பெயர்: இராஜரத்தினம் மங்களேஸ்வரி. வயது: 64. விலாசம்: கோவில் பின் ஒழுங்கை, மாத்தளை. தொழில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, தற்போது தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளரும் தயாரிப்பாளரும். முச்சக்கர வண்டிச் சாரதி இராமையா என் மீது பொலிஸில் செய்த முறைப்பாடு தொடர்பில் நானாகவே கூறுவதாவது:

நான் முப்பத்தொரு வருடம் தமிழ் கற்பித்தேன். பாடசாலை விழாக்களுக்கு நான் எழுதிய சிரிப்பு நாடகங்களைக் கேள்விப்பட்ட தனியார் தொலைக்காட்சி ஒன்று, நான் ஓய்வுபெற்றதும் ‘ஏழாம் நம்பர் வீடு’ என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரை எழுதச் சொன்னது. பதினோராவது வாரத்தில் தயாரிப்பாளர் சொல்லாமல் போய்விட்டதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. நான்கு வருடமாக ஞாயிறுதோறும் நடத்துகிறேன்.

இதில் இராமையா செல்லையா மாமாவாக நடிக்கிறார். ஊரில் அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய்விட்டது. உதாரணமாக, அவருடைய மகளின் வகுப்பு வரவு இடாப்பிலேயே தகப்பன் பெயர் செல்லையா என்று இருந்தது.

படப்பிடிப்பு நாளில் சீகிரியாவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் ஹயர் கிடைத்தால் அவர் போய்விடுவார். பலமுறை பொறுமையாகச் சொன்னேன். தொடரில் மாமாவின் மகளுடைய கல்யாணக் காட்சி எடுத்த அன்றும் வரவில்லை. மாமாவுக்கு வயிற்றோட்டம் என்று எழுதி, கல்யாணம் முழுவதும் பூட்டிய கழிவறைக் கதவையே காட்டினேன். இன்னும் ஓர் உதாரணம் சொல்லத் தொடங்கியபோது, இதை எழுதிக்கொண்டிருக்கும் சார்ஜன்ட், “உதாரணம் போதும் டீச்சர், நடந்ததச் சொல்லுங்க” என்றார்.

அதன் பின்னர் மாமாவைச் சாகடிக்க முடிவு செய்து இராமையாவிடம் சொன்னேன். “சரிங்க டீச்சர், கொன்னுடுங்க. இப்ப எனக்கு சீசன் நேரம்” என்றார்.

அதன் பின்னர், காட்சிப் பொருட்கள் செய்யும் ஜுனைதீனிடம், படப்பிடிப்பு வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு செல்லையா என்ற பெயரும் இராமையாவின் படமும் போட்ட மரண அறிவித்தல் பத்துப் பிரதி கேட்டேன். அவர் நூறு அடித்து, பார்க்க நிஜமாக இருக்க வேண்டுமென்று பஸ் நிலையம் வரைக்கும் ஒட்டி, பிரதான வீதியிலிருந்து அந்த வீட்டு ஒழுங்கை நெடுகிலும் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடியும் கட்டிவிட்டார்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இராமையாவைச் சவப்பெட்டிக்குள் படுக்க வைத்தோம். அவருடைய தொலைபேசி என்னிடம் இருந்தது. ஒன்பது மணிக்குள் ஊரே செத்த வீட்டு வழக்கப்படி சீனியும் தேயிலையுமாக வந்துவிட்டது. மரணாதாரச் சங்கத்தார் கதிரைகளை இறக்கினார்கள். இது நாடகம் என்று நான் சொல்லச் சொல்ல, துக்கத்தில் உளறுகிறேன் என்று பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கமரா ஓடிக்கொண்டிருந்தது. கூலி நடிகர் எவரும் அப்படி அழமாட்டார்கள். அதனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் கேட்காமலே இதைச் சொல்கிறேன்.

அதன் பின்னர், யாரோ தொலைபேசியில் சொல்லக் கேட்டு, தம்புள்ளையிலிருந்து வெங்காய லொறியொன்றில் இராமையாவின் அண்ணன் வீரமலை வந்து இறங்கினார். தங்கையின் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டை யார் ஏந்துவது என்ற சண்டையில் பதினொரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியின் மேல் விழுந்து, “டேய் ராமு, நாந்தான்டா மொதல்ல பேசியிருக்கணும்” என்று அழுதார்.

இராமையா கண்ணைத் திறந்து “அண்ணே” என்றார்.

இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். வீரமலை அவரை அறைந்து, “செத்த மாதிரி நடிச்சுத்தான் அண்ணனக் கூப்பிடுவியா? இனி நெசமாவே செத்தாலும் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அதே லொறியில் திரும்பிப் போனார்.

இராமையா இன்று என் முன்னிலையில் சார்ஜன்டிடம், “வழக்கெல்லாம் வேணாம் சேர். இது டீச்சர் செஞ்ச வேலைன்னு அண்ணனுக்குத் தெரியணும். நான் சொன்னா நம்பமாட்டாரு” என்றார்.

அறிவித்தல், கொடி, படம் பிடித்தது எல்லாம் என் பொறுப்பில் நடந்தவை. பெட்டிக்கு வெளியில் நடந்தது எதுவும் இராமையாவுக்குத் தெரியாது; அழுவது கூலி நடிகர்கள் என்றே கண்ணை மூடிக் கிடந்தார். அந்த அழுகையை இந்த ஞாயிறே ஒளிபரப்ப வேண்டுமென்று தொலைக்காட்சியில் கேட்கிறார்கள். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தொடரை நிறுத்துவதானால் நிறுத்தட்டும்.

இவ்வாக்குமூலத்தின் பிரதியை வீரமலைக்கு அனுப்பக் கேட்டேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்ற சார்ஜன்ட், அவரைச் சாட்சியாக வரும்படி தொலைபேசியில் அழைத்து, நான் கூறிய மேற்படி விடயங்களை உரக்க வாசித்தார். வீரமலை கடைசிவரை கேட்டார். பின்னர், “நாளைக்கு ஒம்பது மணி பஸ்ல வர்றேன். பொலிஸுக்கு வழி தெரியாது. அவன ஆட்டோவோட பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

வீரமலை நாற்பது வயது வரை மாத்தளையிலேயே இருந்தவர்.

மேலே எழுதியிருப்பதை வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை எனக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) இ. மங்களேஸ்வரி