கேள்வி கேட்காத டிஸ்க்

ஹரிதா, கதை வேண்டுமென்றால் அந்த போனை அணை. நான் ஷிப்ட் முடிந்து வந்தவன். ஒரு தடவைதான் சொல்வேன்.

இரவு பதினொன்றரை. ஜூன் மழை. மும்பை கோவண்டியில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சந்து... அதன் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். டென்சில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான். என் ஆபீஸ் ஆபிரகாமின் தங்கை சுனிதாவைக் கட்டியவன். பகலில் ஒரு வேலை, ராத்திரியில் இது. முழுசாகத் தூங்கி வருஷக்கணக்காயிற்று, பாவம்.

பன்னிரண்டு கம்ப்யூட்டர். எல்லாவற்றிலும் வைரஸ். காலை ஒன்பதுக்குப் பரீட்சை. ஆனால் டென்சிலுக்கு ஏழு மணிதான் கணக்கு. மகள் சீலிக்கு அன்றைக்கு ஸ்கூலில் முதல் நாள். "அப்பா கூடத்தான் போவேன்" என்று சொல்லியிருந்தாள்.

அதனால் ஒரு டிஸ்க் தயார் செய்திருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு, சீலி பிறக்கும் முன்னே, சென்டர் திறந்த அன்று, அவனே எல்லாம் போட்டுக் கொடுத்து எடுத்துவைத்த நகல் அதில் இருந்தது. உள்ளே தள்ளி ஸ்விட்சைப் போட்டால் போதும். நடுவில் சேர்ந்ததையெல்லாம் அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை அந்த நாளுக்கே கொண்டுபோய்விடும். வழக்கமாக 'அழிக்கலாமா?' என்று ஒரு கேள்வி வரும். அதையும் எடுத்துவிட்டான். கொஞ்சம் கண் அசரலாமே என்றுதான்.

ஒன்றுக்கு அரை மணி. முடிந்ததும் டிஸ்க் வைக்கிற தட்டு தானாக வெளியே வரும். டிஸ்க்கை எடுத்து அடுத்ததில் போட ஆள் வேண்டும்... இருந்தது ஒரே டிஸ்க்.

மூன்றாவதில் தூங்கிப்போனான்.

மீதியைச் சொன்னது வாட்ச்மேன் மன்சூர் அலி. அரை மணிக்கு ஒரு தரம் 'டக்'கென்று தட்டு திறக்கிற சத்தம். அப்புறம் வெறுங்கால் நடை... சப்... சப். மறுபடி தட்டு மூடும். டென்சில் வேலை பார்க்கிறான் என்றே நினைத்தார். நாலு மணிக்கு ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். டென்சில் மேஜையில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நடைச் சத்தம் நிற்கவில்லை. சூடான தூசி நாற்றம் வெளியே வரைக்கும் அடித்தது. மனுஷன் கேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். நானாயிருந்தால் அந்தப் பக்கமே இருந்திருக்க மாட்டேன்.

ஆனால் ராத்திரி முழுக்க எண்ணியிருக்கிறார். கம்ப்யூட்டர் பன்னிரண்டு. தட்டு மூடியது... பதிமூன்று தடவை.

ஆறு மணிக்கு டென்சில் வெளியே வந்தான். "சப் ஹோ கயா, சாச்சா!" எல்லாம் முடிந்ததாம். முகத்தில் அசதி துளியும் இல்லை. சீட்டியடித்துக்கொண்டே போனானாம்.

ஏழுக்கு முன்பே சீத்தா கேம்பில் தன் வீட்டில் இருந்தான். சீலி யூனிபார்மோடு ஓடி வந்து விரலைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி அவள் தலையைத் தட்டினான். பிறகு சுனிதாவைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். அப்படியே முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏட்டி... ஆறு மாசம்லா? வயிறு எங்கட்டி? எம் பிள்ளைய என்ன செஞ்ச?"

சீலி விரலை விடவில்லை.

"லேட் ஆவுதுப்பா... வா" என்றாள்.