கல்லான மரத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

ஞானரட்ணம்: ...முதல்லை திகதியைப் போடும் மேரி. மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ, 2006 மார்கழி. "மதிப்புக்குரிய அரிசோனாப் பூங்கா ஐயாமாரே..."

மேரியம்மா: தமிழிலையோ?

ஞானரட்ணம்: மன்னிப்பை எந்தப் பாசையிலை கேட்டா என்ன.

மேரியம்மா: நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலை நிக்கவேணும். பை இன்னும் அடுக்கேல்லை. எனக்கு ஏலாமக் கிடக்கப்பா.

ஞானரட்ணம்: இந்தக் கல்லு வீட்டிலை கிடக்கிற வரைக்கும் நான் நெஞ்சை வெட்டக் குடுக்கமாட்டன். எழுதும். "முட்டையை வைச்சா, குஞ்சாகி, கோழியாகி, தானாப் பொரிஞ்சு வாற வெயிலிலை மணித்தியாலக் கணக்கா நடந்து..."

மேரியம்மா: காரை விட்டு இறங்கினது பத்து நிமிசம்.

ஞானரட்ணம்: "...இருபது கோடி வருசத்துக்கு முந்திக் கல்லாப் போன ஒரு முழு மரத்தை..."

மேரியம்மா: உள்ளங்கையளவு துண்டு.

ஞானரட்ணம்: சரி, துண்டு. "...ஆசையிலை எடுத்துப்போட்டன். வாசல்லை உங்கட காவல்காரப் பொம்பிளை கேட்கேக்கை, இல்லையெண்டு பொய் சொன்னனான்."

மேரியம்மா: ம்...

ஞானரட்ணம்: கல்லெடுத்தவை, சாபம் பிடிச்சிட்டுதெண்டு அதைத் திருப்பி அனுப்பேக்கை எழுதின கடிதங்களை அங்கை பாத்தனீர்தானே. ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சுது, ஒருத்தனுக்குக் கல்யாணம் குழம்பினது. நான் ஐஸிலை விழுந்தன். மகன்ரை கார் அடிபட்டது. இப்ப நெஞ்சு.

மேரியம்மா: முந்தி வடக்கை பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டின காலத்திலையும் ஐஸிலை விழுந்தனியள்.

ஞானரட்ணம்: அது வேறை விழுகை.

மேரியம்மா: இஞ்சேருங்கோ... ஒண்டு சொல்லட்டோ. நீங்கள் காரிலை குறட்டை விடேக்கை, அந்தத் துண்டை எடுத்த இடத்திலையே வைச்சிட்டன்.

ஞானரட்ணம்: அப்ப இது?

மேரியம்மா: தேடுவியள் எண்டு, மருமகள் நோரா காருக்குப் பெற்றோல் அடிச்ச இடத்திலை ஒண்டைப் பொறுக்கி உங்கட பையுக்குள்ளை போட்டனான்.

ஞானரட்ணம்: கோயில் சனமெல்லாம் தடவிப் பாத்தது பெற்றோல் ஷெட் கல்லையோ?

மேரியம்மா: அருட்செல்வம் அண்ணை முத்தமும் குடுத்தவர்.

ஞானரட்ணம்: ...அப்ப சாபம் ஒண்டுமில்லை.

மேரியம்மா: உங்கட கல்லாலை இல்லை.

ஞானரட்ணம்: அப்ப நாளைக்குப் போகத்தான் வேணும். ...எனக்குப் பயமாக் கிடக்கு மேரி.

மேரியம்மா: தெரியும். அதுதான் கல்லிலை பழியைப் போட விட்டனான்.

ஞானரட்ணம்: சரி, கடிதத்தைக் கிழியும். கல்லை அனுப்ப எடுத்துவைச்ச பெட்டியையும் எறிவம்.

மேரியம்மா: எறியாதேங்கோ. தபால்கந்தோர் பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. ...என்ரை செபமாலைப் பையுக்குள்ளை ஒரு சின்னத் துண்டு இருக்கு. அந்தப் பொம்பிளைக்கு நானும் இல்லையெண்டுதான் சொன்னனான்.