மலக்கா போடாத குலவை

மலக்கா: வீட்ல யாருமில்ல!

அபூனா: அப்ப பேசறது யாரு, புக்தோர் அம்மா?

மலக்கா: ...பூனை.

அபூனா: பூனைக்கு நல்ல குரல். நான்தான், ஷாரூபிம் அபூனா. பங்குச் சாமியாரையே வாசல்ல நிக்க வெக்கறீங்களே!

மலக்கா: கூட கேமராக்காரன் இருக்கானா?

அபூனா: இல்ல.

மலக்கா: சர்ச்சு கமிட்டி?

அபூனா: தெருமுனையில நிக்கறாங்க. "நீங்க பேசினாத்தான் வருவாங்க"ன்னு என்னத் தள்ளி விட்டுட்டாங்க.

மலக்கா: தெரியுமே! உள்ள வாங்க. சாயங்காலம் எம்புள்ள நினைவு நாளுக்குப் பிஷப்பு வர்றாரு. நான் மைக்கப் புடிச்சு, "எம்புள்ள இரத்தசாட்சி, எனக்கு ரொம்பச் சந்தோஷம், சுட்டவங்கள மன்னிச்சுட்டேன்"னு சிரிச்ச மொகத்தோட சொல்லணும். அதான?

அபூனா: சொல்ல வேணாம்.

மலக்கா: என்னது?

அபூனா: மைக்க எடுத்துடச் சொல்லிட்டேன். நீங்க வராட்டியும் ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாதுன்னுட்டேன்.

மலக்கா: கமிட்டித் தலைவர் மூஞ்சி எப்படிப் போச்சு?

அபூனா: ஊறுகாயக் கடிச்ச மாதிரி.

மலக்கா: ஹ்ம்... "குடுத்து வெச்ச தாய்"னு இன்னும் ஆரம்பிக்கலையே?

அபூனா: ஆரம்பிக்க மாட்டேன்.

மலக்கா: "சொர்க்கத்துல இருக்கான், அழாதீங்க"?

அபூனா: இருக்கான். ஆனா அழாதீங்கன்னு சொல்ல நான் யாரு?

மலக்கா: பெட்டிய எடுத்தப்ப ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரும் குலவை போட்டாங்க அபூனா. இரத்தசாட்சிக்குச் சாவே கல்யாணமாம்! நான் வாயத் தொறந்தேன்... நாத்தனாரு கையால பொத்திட்டா. பெத்தவ அழுதா புள்ள சாட்சியத்துக்கு இழுக்காம். அன்னிக்கு உள்ள போன அழுகை இன்னும் வெளிய வரல.

அபூனா: புக்தோர் எப்படிப்பட்ட புள்ள?

மலக்கா: புனிதன்னு எல்லாரும்...

அபூனா: அது சுவத்துல மாட்டின படம். நான் உங்க புள்ளையக் கேக்கறேன்.

மலக்கா: கழுத! சோம்பேறி! பாட்டுக் குழுவுல அவன் மட்டும் தனி ராகத்துல போவான்... அன்னிக்குக் காலையில... வேணாம், விடுங்க.

அபூனா: சொல்லுங்க.

மலக்கா: மடத்துக்குப் போற வண்டிக்கு நேரமாச்சு. கத்தரிக்கா பொரிச்சு ரொட்டியில வெச்சுக் குடுன்னு வந்து நின்னான். "இத்தன நாழி தூங்கிட்டு இப்ப என்னடா, பட்டினியாப் போ"ன்னுட்டேன். கதவ அறைஞ்சுட்டுப் போனான். பட்டினியா... கோவத்தோட... அப்படியே போயிட்டான் அபூனா!

அபூனா: பட்டினியாப் போகல.

மலக்கா: ஆறுதலுக்குச் சொல்லாதீங்க.

அபூனா: ஆறுதல் இல்ல. திரும்பி வர்ற வழியில என் ரொட்டியப் புடுங்கித் தின்னான். கத்தரிக்காதான். "உங்க வீட்ல பொரிக்கவே தெரியலண்ணே, எங்கம்மா கைப்பக்குவமே வேற"ன்னான்.

மலக்கா: அப்ப நீங்க... அந்த வண்டியிலதான்...

அபூனா: பக்கத்து சீட்டு. அப்ப நான் சாமியாரு இல்ல, மருந்துக்கடைக்காரன். "காலையில சண்டண்ணே. ஆனா எங்கம்மா கோவம் மத்தியானம் வரைக்கும்தான். நான் வீடு போறப்ப சட்டியில எண்ணெய் காயும் பாருங்க"ன்னு சிரிச்சான். அதுக்கப்புறந்தான் வண்டிய மறிச்சாங்க.

மலக்கா: காஞ்சுது அபூனா... காஞ்சுது! எண்ணெய அடுப்புல வெச்சுட்டு வாசலையே பாத்துக்கிட்டு... ஐயோ என் கண்ணு! ஐயோ எம்புள்ள!

அபூனா: அழுங்க. நான் கதவச் சாத்திடறேன்.

மலக்கா: சாத்தாதீங்க! தெரு முழுக்கக் கேக்கட்டும்! ஏ நாத்தனாரே, அங்கிருந்து எட்டிப் பாக்காத, உள்ள வா! அவன் இரத்தசாட்சிதான்... எனக்குப் புள்ளையுந்தான்! இப்ப பொத்துடி பாப்போம் என் வாய!

அபூனா: அவங்களே அழறாங்கம்மா...

மலக்கா: நல்லா அழட்டும்! என் முக்காடு எங்க? வர்றேன் சர்ச்சுக்கு. நடுவுல நின்னு இப்படியே அழுவேன்.

அபூனா: பிஷப்பு பிரசங்கத்த நிறுத்திட்டுக் காத்திருப்பாரு. அதுக்கு நான் பொறுப்பு.

மலக்கா: அழுது முடிச்சுக் குலவையும் போடுவேன். ஊரு சொல்லுதுன்னு இல்ல. எம்புள்ள வயிறு நெறஞ்சு, சிரிச்சுக்கிட்டுப் போனானே, அதுக்கு! லூலூலூலூலூ... குரல் வருதா?

அபூனா: மடம் வரைக்கும் கேக்கும்! புக்தோர் அம்மா... இத நான் போன வருஷம் சாமியாரா இங்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். அவன் போய்ட்டு நான் மட்டும் உங்க முன்னால உயிரோட நிக்க... வெக்கமா இருந்துச்சு.

மலக்கா: சீ, உயிரோட இருக்கறதுக்கா வெக்கம்? எனக்குத் தெரியும் அபூனா. முத நாள் நீங்க அவன் படத்தப் பாத்தப்பவே தெரியும், கூட இருந்தவன் பார்வைன்னு. கடைசியா என்னச் சபிச்சிருப்பானோன்னு பயந்துதான் உங்கள ஒண்ணுமே கேக்கல.