கண்ணாடிக் கடை இங்கிலீஷ்

கணவன்: ...அது சரி. அடுத்தது, கேருலஸ்.

மனைவி: வாயே திறக்காத ஆளு. ஏன்னு தெரியல, இந்த வார்த்தையைக் கேட்டாலே உங்க அக்கா ஞாபகம்தான் வருது.

கணவன்: எங்க அக்காவா? அவ திறந்த வாயை மூட மாட்டாளே!

மனைவி: அதான் எனக்கும் புரியல.

கணவன்: சரி விடு. பார்சிமோனியஸ்?

மனைவி: அள்ளி அள்ளிக் குடுக்கிறவன்... இருங்க, மெஷினை நிறுத்திக்கிறேன். நீங்க சொல்றது பாதி காதுலயே விழல.

கணவன்: நிறுத்தாதே, நிறுத்தாதே. நீ உள்ளயே இருந்து லென்ஸைத் தேய். திங்கட்கிழமை பரீட்சைன்னு கடை வேலை நிக்கக் கூடாது பாரு. புத்தகம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. இண்டொலண்ட்?

மனைவி: சுறுசுறுப்பான ஆளு. ஒரு இடத்துல உக்கார மாட்டான்.

கணவன்: அடி தூள்! இப்படியே எழுதினா நீ எங்கேயோ போயிடுவே.

மனைவி: எங்கேயோ இல்லீங்க, வெளிநாட்டுக்கு. கண் பரிசோதனையில மேல்படிப்பு, ரெண்டு வருஷம். மார்க்கு மட்டும் வந்துட்டா...

கணவன்: தெரியும்மா. தினம் ஒரு தடவை சொல்லணுமா அதை? ...வாங்க சார், வாங்க. உக்காருங்க. என்ன ஆச்சு?

வந்தவர்: கண்ணாடிக்கு ஒரு கை கழண்டுடுச்சு. நாற்காலியில வச்சிருந்தேன், மேலயே உக்காந்துட்டாங்க.

கணவன்: அடடா, யாரு?

வந்தவர்: நான்தான்.

கணவன்: பரவால்ல சார், அஞ்சு நிமிஷத்துல மாட்டிடறேன். வீட்டம்மா உள்ள படிச்சிட்டிருக்காங்க. பெரிய பரீட்சை. பல்லு உடையற இங்கிலீஷ் வார்த்தையா கேப்பாங்களாம். ஏம்மா, சார் கேக்கட்டும், சத்தமா சொல்லு. கேருலஸ்?

மனைவி: வாயே திறக்காத ஆளு!

வந்தவர்: இல்லியே... அது ஓயாம வளவளன்னு...

கணவன்: சார்!

வந்தவர்: என் பொண்ணு இதே பரீட்சை எழுதினா. நான்தான் பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டேன். கேருலஸ்னா வாயா...

கணவன்: சார், சார்... மெதுவா. நடுவுல இருக்கிறது வெறும் பலகை.

மனைவி: என்னங்க அங்க?

கணவன்: ஒண்ணுமில்லம்மா! சாருக்கு மூக்குல உறுத்துதாம்!

வந்தவர்: எனக்கு ஒண்ணும் உறுத்தலையே. உங்களுக்குத்தான் உறுத்தணும். தப்பா இல்ல சொல்லிக் குடுத்திருக்கீங்க?

கணவன்: தெரிஞ்சேதான் சார்.

வந்தவர்: என்னது! அப்போ பார்சிமோனியஸ்?

கணவன்: அள்ளிக் குடுக்கிறவன்.

வந்தவர்: அட பாவி மனுஷா, அது கஞ்சப்பயல்ய்யா!

கணவன்: மெதுவா சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்.

வந்தவர்: இப்படி எத்தனை வார்த்தை?

கணவன்: முதல்ல ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன். அப்புறம் பழகிப் போச்சு. அதுல ஒரு கூத்து பாருங்க... கூரை ஒழுகுதுன்னு கட்டட ஓனருக்கு இவ மெசேஜ் அனுப்பினா. 'இந்தத் தெருவிலேயே உங்களை மாதிரி பார்சிமோனியஸ் யாருமே இல்ல'ன்னு.

வந்தவர்: ஐயோ. சண்டைக்கு வந்துட்டாரா?

கணவன்: சண்டையா? ஏதோ புகழ்ச்சின்னு நினைச்சு அதை அப்படியே எல்லாரும் பாக்கிற மாதிரி ஃபோன்ல போட்டுட்டார் சார். அவர் பொண்டாட்டி கடைக்கே வந்து நன்றி சொல்லிட்டுப் போனாங்க. கூரையை மட்டும் சரி பண்ணல.

வந்தவர்: ஏன்யா இந்த வேலை உங்களுக்கு?

கணவன்: போயிடுவா சார்.

வந்தவர்: போகாதேன்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?

கணவன்: சொன்னா இருந்துடுவா. அப்புறம் சாகிற வரைக்கும் 'உங்களாலதான்'னு குத்திக் காட்டுவா. இதுன்னா பரீட்சையில கோட்டை விட்டுட்டு அவளே அழுவா, நான் பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுப்பேன். பழியும் வராது, நல்ல பேரும் கிடைக்கும்.

வந்தவர்: அடேங்கப்பா! எப்படிய்யா தூக்கம் வருது?

கணவன்: வரல சார். சத்தியமா வரல.

மனைவி: ஏங்க! ஒரு கை மாட்ட இவ்வளவு நேரமா? வந்தவரைப் பிடிச்சு வச்சு கதை அளக்கறீங்களா? மேக்னானிமஸ்! சரியான மேக்னானிமஸ்!

வந்தவர்: இது என்ன, புகழ்றாங்க? பெரிய மனசுக்காரன்னுதானே அதுக்கு அர்த்தம்?

கணவன்: அற்பப் புத்திக்காரன்னு சொல்லி வச்சிருக்கேன். சண்டைன்னா இதைச் சொல்லித்தான் திட்டுவா. சிரிப்பை அடக்கிக்கிட்டு வாங்கிக்குவேன்.

வந்தவர்: இதோ பாருங்க, உள்ள போய் உண்மையைச் சொல்லுங்க. இல்ல, நான் சொல்லிடுவேன்.

கணவன்: சார், ரிப்பேருக்குக் காசே வேணாம். புது ஃப்ரேமே போட்டுத் தரேன்.

வந்தவர்: வேணாம்.

கணவன்: ரெண்டு ஃப்ரேம்!

வந்தவர்: எனக்கு இருக்கிறது ஒரு மூக்குய்யா!

கணவன்: வெயிலுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு...

வந்தவர்: அம்மா! கொஞ்சம் வெளிய வாங்க!

கணவன்: போச்சு.

மனைவி: இதோ வரேன் சார், கையைக் கழுவிட்டு... ம், சொல்லுங்க.

வந்தவர்: அது வந்து... உங்க வீட்டுக்காரர் ஏதோ சொல்லணுமாம்.

கணவன்: அது... திங்கட்கிழமை நீ பரீட்சைக்குப் போக வேணாம்மா. அடுத்த தடவை எழுதிக்கலாம்.

மனைவி: ஏன்?

கணவன்: கேருலஸ்னா வாயாடி.

மனைவி: ம்.

கணவன்: பார்சிமோனியஸ்னா கஞ்சன். இண்டொலண்ட்னா படுத்தே கிடக்கிற சோம்பேறி. எல்லாத்தையும் தலைகீழாத்தான் சொல்லிக் குடுத்தேன். திட்டு, ரெண்டு அடி வேணும்னாலும் அடி. நீ போயிட்டா... என்னால முடியாதும்மா. கடையைப் பூட்டிட்டு அந்த வீட்டுக்குத் தனியா போக முடியாது என்னால.

மனைவி: முதல் நாளே தெரியும்.

கணவன்: என்னது?

மனைவி: ஊரு கண்ணெல்லாம் சோதிக்கிறவ நான். ஒரு புத்தகத்தைத் திறந்து பாக்க மாட்டேனா? இதே புத்தகம் என் ஃபோன்ல முழுசா இருக்கு.

கணவன்: அப்போ கட்டட ஓனருக்கு அனுப்பினது...

மனைவி: மனசாரத்தான் அனுப்பினேன். யாராவது அர்த்தம் கேட்டு வந்தா, எங்க வீட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்தார்னு உங்க தலையில கட்டியிருப்பேன்.

கணவன்: அடிப்பாவி!

வந்தவர்: அப்போ... சண்டையில இவரைத் திட்டறது?

மனைவி: அது... அதுவும் அர்த்தம் தெரிஞ்சேதான் சார்.

வந்தவர்: நான் வேணா நாளைக்கு வரட்டுமா?

கணவன்: உக்காருங்க சார்!

மனைவி: உக்காருங்க சார், கையை மாட்டல இன்னும்!

கணவன்: தெரிஞ்சும் ஏன் தினம் தப்புத் தப்பா ஒப்பிச்சே?

மனைவி: இத்தனை வருஷமா பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம். 'பவர் என்ன, பில்லு எங்க', இதைத் தவிர என்ன பேசியிருக்கோம்? பொய் சொல்றதுக்காகவாவது தினம் சாயங்காலம் எனக்குன்னு நேரம் ஒதுக்கினீங்க. பாடம் முடிஞ்சதும் அப்படியே ஏதேதோ பேசினீங்க, சிரிச்சீங்க. எனக்குப் பிடிச்சிருந்துது.

கணவன்: எனக்கும்தான்... முதல்ல உன்னைத் தோக்கடிக்கத்தான் உக்காந்தேன். அப்புறம் எப்போடா சாயங்காலம் ஆகும்னு இருந்துது.

மனைவி: இதை எங்கிட்ட சொல்ல உங்களுக்கு ஒரு ரிப்பேர் கேஸ் வர வேண்டியிருக்கு.

வந்தவர்: என்னையா சொல்றீங்க?

மனைவி: கண்ணாடியைச் சொன்னேன் சார்.

கணவன்: சரி. எல்லா அர்த்தமும் உனக்குச் சரியாவே தெரியும். அப்போ போ. திங்கட்கிழமை கடைக்கு லீவு. நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, நீ எழுதி முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன்.

மனைவி: வேணாங்க.

கணவன்: ஏன், இன்னும் எம்மேல நம்பிக்கை வரலையா? இந்தா, சார் முன்னாடி சத்தியம் பண்றேன்.

மனைவி: அதில்லீங்க... திங்கட்கிழமை பரீட்சையே கிடையாது. போன மாசம் எங்க அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கே எழுதிட்டேன். நல்ல மார்க்கு, சீட்டும் கிடைச்சாச்சு, அடுத்த மாசம் கிளம்பணும்... உங்க பொய்யையெல்லாம் சிரிக்காம ஒப்பிக்க முடிஞ்சுது, இதைச் சொல்லத்தான் வாய் வரல. சொல்லிட்டா மறுநாள் சாயங்காலம் நீங்க புத்தகத்தைத் தொட மாட்டீங்களேன்னுதான்...