சாமியாரின் செருப்பு

"சாமியாரைத் திட்டக்கூடாது, அவரின்ர செருப்பைப் புகழவேணும்" என்று எதிர் இருக்கைக்காரர் சொன்னதும் செய்தித்தாளைத் தாழ்த்தினேன். எழுபதுகளில் ஒரு காலை, வென்ட்வேர்த்வில்லிலிருந்து சிட்னி நகருக்குப் போகும் ரயில். அவர் யாழ்ப்பாணத்து ஆங்கில ஆசிரியர். அன்று பள்ளி வேலைக்கு நேர்முகத் தேர்வு. பக்கத்தில் அவரின் நண்பர், வழியில் லிட்கம் நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போகிறவர்.

"வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு அவையின்ர அறுநூறு வருசத்துப் பழைய பாட்டை நீ படிப்பிச்சா, ஆர் கேப்பினம்?" என்றார் நண்பர்.

"அந்தப் பயம்தான் எனக்கும். ஆனா அது யாத்திரை போறவையைப் பற்றின பாட்டு, மச்சான். கவிஞர் ஒருத்தரையும் ஏசேல்லை. சாமியாரின்ர செருப்பு என்ன மெதுமை எண்டு வியக்கிறார். மிச்சம் எங்களுக்கே விளங்கும்."

"எங்கட கோயில் தலைவர் கதிர்காமப் பாதயாத்திரைக்குக் காரில வந்தவர்."

"அதைப் புகழ்ந்து சொல்லு பாப்பம்."

நண்பர் சற்று யோசித்தார். "அவ்வளவு தூரம் போயும் தலைவரின்ர காலில ஒரு தூசி இல்லை. அப்பிடித் தூய்மையான மனுசன்."

இருவரும் சிரித்து ஓய்ந்தபோது நண்பர் வெளியே பார்த்தார். "லிட்கம் எங்கையடா?"

"அது போட்டுது, தாண்டி வந்திட்டம்."

"அப்ப பயப்பிடாதை. கேப்பினம்."

நிலையம் தாண்டிப் பயணித்தவர், இறங்குமிடத்தில் தானே சொல்லி மீதிக் கட்டணம் கட்ட வேண்டும். விதி எனக்குத் தெரியும். நானும் லிட்கமில் இறங்க வேண்டியவன்தான்.