கீழறைக் கதவு

ராத்திரி ஒன்றே முக்கால். ஹூஸ்டனிலிருந்து டாலஸ் போகிற ஃப்ரீவேயை ஏதோ ஆக்ஸிடென்ட் என்று மொத்தமாக மூடிவிட்டார்கள். ஜிபிஎஸ் ஒரு ஃபார்ம் ரோட்டைக் காட்டியது. இரண்டே லேன். விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி... அதற்கு அப்பால் இருட்டு. அவ்வளவுதான்.

அந்த ரோட்டில் ஒரு பிக்கப் டிரக். பின்னால் மூடிய டிரெய்லர். ஓட்டியவர் ஹாஜா நஜ்முதீன். இன்று சாயங்காலம் நமக்கெல்லாம் பிரியாணி கொடுத்துவிட்டுப் போனானே ஜாவித், அவனுடைய தாய்மாமா. ஜாவித் முன்னால் இதைப் பேச முடியாது. அவனும் போய்விட்டான், கரண்டும் போய்விட்டது, வெளியே பனி கொட்டுகிறது. இந்த நியூ ஜெர்சிக் குளிரில் பிளெய்ன்ஸ்பரோ பூராவும் இருட்டு. கிட்டே வந்து உட்காருங்கள்.

ஹாஜாவுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். டாலஸ் பக்கத்துப் பிளானோவில் பதினாறு வருஷம் ஐ.டி. வேலை. லே-ஆஃப் ஆனதும் ஒரு டிரக்கும் டிரெய்லரும் வாங்கி, லோடு ஓட்ட ஆரம்பித்தார். மனைவி ஷம்சாத், ஒன்பது வயது மகள் ரிதா. பயந்த சுபாவமெல்லாம் இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டுகிற மனுஷர்.

அன்றைக்கு ஹூஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏற்றியது ஒரே ஒரு மரப்பெட்டி. உள்ளே ஆளுயரக் கருங்கல். டென்டன் பக்கம் குதிரைப் பண்ணை வைத்திருந்த ஒரு பணக்காரர் ஏலத்தில் எடுத்தது. கல்லில் குதிரை செதுக்கியிருக்கிறது என்பதற்காகவே வாங்கினாராம். காகிதத்தில் 'தமிழ்க் கல்வெட்டு, கடற்கரை மணலில் கிடைத்தது' என்று இருந்தது. அதைக் கேள்விப்பட்டு ஹாஜாவின் சிநேகிதர் முகுந்தும் கூடவே தொற்றிக்கொண்டார். வார நாளில் சாஃப்ட்வேர், வார இறுதியில் கல்வெட்டுப் படிப்பது... அப்படி ஒரு பைத்தியம் அவருக்கு.

வழியெல்லாம் அதே பேச்சு.

"அந்தக் காலத்துல பாண்டியனுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை கப்பல்ல வரும் பாய். அரேபியாவுலேர்ந்து. உங்க ஊர்க் கடற்கரையிலதான் எறக்குவாங்க. நம்ம வெயிலும் தீனியும் ஒத்துக்காம முக்கால்வாசி செத்துடும். செத்தா அடுத்த வருஷம் திரும்ப வாங்குவாங்க."

"குதிரை சரி. கூட வந்த ஆளுங்க?"

"அவங்களப் பத்தி யாரு எழுதி வெச்சா?"

அப்போதுதான் அந்தச் சத்தம். டொக்... டொக்... டொக். டிரெய்லருக்குள்ளிருந்து.

"பெட்டி அவுந்துருச்சு போல" என்று ஹாஜா ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். இறங்கினார்கள். ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. காற்றில் ஒரு வாடை... குதிரை மூத்திரமும் மீன் எண்ணெயும் நாள்பட்ட உப்புத் தண்ணீரும் கலந்த வாடை. கடல் இருநூறு மைலுக்குத் தெற்கே.

மறுபடி தட்டல். இந்தமுறை, முதலில் கேட்ட மாதிரி குளம்புச் சத்தம் இல்லை. விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். பக்கச்சுவரில் இல்லை... டிரெய்லரின் தரைக்கு அடியிலிருந்து.

முகுந்த் செல்போன் வெளிச்சத்தோடு குனிந்து பார்த்தார். அச்சு. சக்கரம். காய்ந்த புல். வேறொன்றும் இல்லை.

பிறகு ஒரு குரல்.

"மேல யாரு?"

தமிழ்தான். கோபம் இல்லை. பயமும் இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவன் குரல்.

ஹாஜா வாய்க்குள் ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்தார். முகுந்தின் உதடும் ஏதோ முணுமுணுத்தது. ஆனால் டெக்சாஸில் பூட்டிய டிரெய்லருக்குள் ஆட்களை அடைத்துக் கடத்துகிற செய்தி மாதாமாதம் வருகிறதே... மூச்சு முட்டிச் செத்தவர்கள் எத்தனை பேர். துறைமுகத்தில் யாராவது உள்ளே ஏறியிருந்தால்? ஹாஜா போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

தண்ணீர். மடமடவென்று கொட்டி இரண்டு பேர் முழங்காலையும் நனைத்துவிட்டுப் புல்லுக்குள் போனது. ஹாஜா விரலை நாக்கில் வைத்தார். உப்பு.

உள்ளே ஆள் இல்லை. பெட்டியின் பலகை பிளந்து, கல் மட்டும் ஈரமாக மின்னியது. மேலே ஒரு கப்பல். அதன் வயிற்றில் வரிசையாகக் குதிரைத் தலைகள். கீழே நெருக்கமாக எழுத்து. முகுந்த் வெளிச்சம் பிடித்து, விட்டு விட்டுப் படித்து, நம் பேச்சில் சொன்னார்.

"குதிரை ஏத்தி வந்த எங்க மரக்கலம் துறைக்குப் பக்கத்துல பாறையில ஏறிடுச்சு... நாநாதேசி வியாபாரிங்களும் அஞ்சுவண்ணத்தாரும்..."

"அஞ்சுவண்ணம்னா?"

"உங்காளுங்க பாய். கடல் தாண்டி வந்த வியாபாரிங்க சங்கம்." அவர் மறுபடி குனிந்தார். "எல்லாரும் சின்னப் படகுல எறங்கினோம். படகு கொள்ளாதுன்னு... கீழறையில இருந்த குதிரைக்காரங்க ஏறி வராதபடிக்கு... கதவ நாங்களே அடிச்சுச் சாத்தினோம். அவரவர் சாமி மேல ஆணையா இத வாயால யாருக்கும் சொல்றதில்ல. கப்பல் புதைஞ்ச மணல் மேல இந்தக் கல்ல நட்டோம்..."

"அப்புறம்?"

"இந்தக் கல்லப் பெயர்க்கிறவன்... கதவத் தெறக்கக் கடவன்."

 பிறகு ஹாஜா சொன்னார். "எறக்கிட்டுப் போயிரலாம். அப்புறம் நம்ம பொறுப்பில்ல. வாங்கினவர் பொறுப்பு."

"வாங்குறவன்னு போடல பாய். பெயர்க்கிறவன்னு போட்டிருக்கு. மணல்லேர்ந்து எடுத்தவன் எவனோ... இப்ப நாமளும் ஒரு கை போட்டிருக்கோம்."

விடியற்காலை பண்ணையில் இறக்கினார்கள். லாயத்துக்கு எதிரே, புல்தரையில் நிறுத்திவைத்தார்கள். அந்தப் பணக்காரர் கல்லின் கழுத்தில் தட்டிக்கொடுத்தார், குதிரையைத் தட்டுகிற மாதிரி.

நாலாம் நாள். பண்ணையில் வேலை செய்கிறவன் ஃபோன் செய்தான். லாயத்தில் ஆறு குதிரைகள், நின்ற இடத்திலேயே சரிந்து கிடந்தன. வாயோரம் நுரை. கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்தார். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். உப்புத் தண்ணீர். வைக்கோல் காய்ந்துதான் கிடந்தது. டாக்டர் காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டாராம்.

ஹாஜா விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். கல்லைக் கொடுங்கள், நானே என் செலவில் ஊருக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே நட்டுவிடுகிறேன் என்று கெஞ்ச நினைத்திருந்தார். போனால், புல்தரையில் ஒரு குழி மட்டும்தான். பணக்காரருக்கு அந்தக் கல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். கல் அரைக்கிற மெஷினை வரவழைத்து அரைத்து, வண்டிப்பாதையில் கொட்டிவிட்டார். ஹாஜா மண்டி போட்டு ஒரு கை ஜல்லியை அள்ளிப் பார்த்தார். ஒரு துண்டில் ஒரு எழுத்தின் வால் தெரிந்தது. அதையும் ஒரு லாரி மிதித்துக்கொண்டு போனது.

அன்றைக்கு ராத்திரி பிளானோவில், அவர் வீட்டுப் படுக்கையறையில், தட்டல் ஆரம்பித்தது.

நியூ ஜெர்சி வீடு மாதிரி அங்கே பேஸ்மென்ட் கிடையாது. மண், அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் வீடு. கட்டிலுக்கு அடியில் தட்டுவதற்கு ஓர் இடமே இல்லை. ஆனாலும் தட்டினார்கள். மூன்று தட்டு... ஒரு நிறுத்தம்... மூன்று தட்டு. நடுநடுவே, "மேல யாரு?"

ஷம்சாத்துக்கும் கேட்டது. பிளம்பரைக் கூப்பிட்டாள். குழாய் சரியாகத்தான் இருக்கிறது என்றான். மசூதியிலிருந்து இமாம் வந்து ஓதினார். முகுந்த் ஓர் ஐயரை அழைத்துவந்தார். ஓதுகிறவரை, மந்திரம் சொல்கிறவரை, கீழே அமைதி. மரியாதையாகக் காத்திருந்த மாதிரி. முடிந்ததும், மூன்று தட்டு. அந்த ஐயர் தட்சிணை வாங்காமல் போய்விட்டார்.

பதில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று முகுந்த் சொல்லியிருந்தார். ஹாஜாவும் சொல்லவில்லை. ஒன்பது ராத்திரி தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தார்.

பத்தாம் நாள் காலை. ரிதா சீரியல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "Vappa, the people downstairs are so nice."

ஷம்சாத் கையிலிருந்த பால் டப்பா நழுவியது. "எந்த people?"

"They keep asking who's up there. So I told them."

"என்னம்மா சொன்ன?" ஹாஜா அவள் பக்கத்தில் குனிந்தார்.

"I said it's my dad. I told them your name."

அன்று மத்தியானமே ஷம்சாத் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே, ஜாவித் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஹாஜாவையும் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. ஏர்போர்ட்டில் விடும்போது சொன்னாராம், "நான் எங்க போனாலும் அது என் காலுக்கு அடியிலதான் வரும் ஷம்சு. புள்ள தூங்குற வீட்டுக்கு அத நான் கொண்டுவர மாட்டேன்."

பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா... தோண்டினார்.

கான்கிரீட் உடைக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து படுக்கையறைத் தரையைப் பிளந்தார். அதன் கீழே டெக்சாஸின் கறுப்புக் களிமண். வாளி வாளியாக அள்ளி ஹாலில் குவித்தார். சோறு தண்ணீர் இல்லை. தினம் ராத்திரி ஷம்சாத் ஃபோன் செய்வாள். மூச்சிரைப்புதான் கேட்கும். "இருக்காங்க ஷம்சு. பக்கத்துல வந்துட்டேன். என் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க."

முகுந்த் ஒருநாள் போய் அவரை இழுத்து வெளியே கொண்டுவரப் பார்த்தார். குழிக்குள் இறங்கியவர், இறங்கின வேகத்தில் ஏறிவந்தார். என்ன கேட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமே வேலை மாற்றிக்கொண்டு சான்டா கிளாரா போய்விட்டார். இப்போது கல்வெட்டு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறார்.

தட்டல் ஆரம்பித்த பதினேழாம் நாள் ஹாஜா ஃபோன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு, உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாற்றம் வருகிறது, பீச் மாதிரி, என்றாள். ஷம்சாத்தும் ஜாவித்தும் கிடைத்த ஃப்ளைட்டில் ஏறினார்கள்.

கதவு பூட்டவில்லை. ஹால் முழுக்க மண்மேடு. ஹாஜா சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான். சட்டையெல்லாம் நனைந்து, உடம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கையில் சுத்தியல். விரல்களைப் பிரிக்கவே முடியவில்லை.

ஜாவித் படுக்கையறைக்குப் போனான். இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி. ஏணி வைத்து இறங்கினான்.

அடியில் மண் இல்லை. பலகை. கறுத்துப்போன, முழங்கை கனமுள்ள பலகைகள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தவை. நடுவில் ஒரு சதுரக் கதவு. அந்தக் கதவின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஐந்தாறு புது மரச்சட்டங்கள், மஞ்சள் மஞ்சளாக, கடையில் ஒட்டின பார்கோடு ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல். ஒவ்வொன்றிலும் நெருக்கி நெருக்கி ஆணி. மேலிருந்து அடித்தது.

ஜாவித் காதை வைத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை.

ஏறிவந்தான். ஷம்சாத்திடம்கூட ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னான், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலை கான்கிரீட் லாரியை வரவழைத்து, விளிம்பு வரைக்கும் நிரப்பினான். வீட்டை வந்த விலைக்கு விற்றார்கள். இப்போது அங்கே யாரோ ஒரு குடும்பம் இருக்கிறது.

ஹாஜாவை இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்ஃபாரத்தில் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஜாவித்துக்காக வந்து நிற்பார். உயரமாக, தாடி வைத்து. வணக்கம் சொன்னால் தலையாட்டுவார். தட்டல் நின்றுவிட்டதே, நல்லதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மனிதர் தொழுவதை விட்டுவிட்டார். பேச்சை விட்டுவிட்டார். மகள் ஓடிவந்து கையைப் பிடித்தால்கூட உதறிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் ஷம்சாத் பொறுக்க முடியாமல் கேட்டாள். "அத்தன நாள் தோண்டினீங்களே... தெறந்தீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெறந்தேன். கீழ இருட்டு. தண்ணி அவங்க கழுத்து வரைக்கும் நின்னுச்சு, நான் தெறந்ததும் ஏற ஆரம்பிச்சுது. எல்லாரும் மேல பாத்தாங்க. தெருவுல எத்தன வீடு, எத்தன புள்ளைங்கன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே இருக்கும்போது ஒருத்தன் கைய நீட்டினான். பிடிச்சேன்..."

"பிடிச்சு?"

"கீழ தள்ளிட்டுக் கதவச் சாத்தினேன். அந்தக் கை வெதுவெதுன்னு இருந்துச்சு ஷம்சு... மணிக்கட்டுல நாடி அடிச்சுச்சு."